செல்லியம்மாள் செத்து விழுந்த ஓடைக்கரை

ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகும் பாதையில் என் ஜீப்பில் யார் ஏறினாலும் சரி, ஓர் ஓடைக்கரை வந்ததும் வேகத்தைக் குறைப்பேன். "இங்கதாங்க என் வூட்டுக்காரி செத்து விழுந்தா" என்று கையைக் காட்டுவேன். ஏறியவர்கள் அடடா என்று உச்சுக்கொட்டுவார்கள். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செல்லியம்மாள், "ரோட்டப் பாத்து ஓட்டுய்யா" என்பாள். செத்தவள் அவள்தான் என்று தெரிந்ததும் வண்டியே சிரிக்கும். அப்புறம் முழுக்கதையும் சொல்லாமல் யாரும் என்னை விடமாட்டார்கள். அவர்கள் விட்டாலும் நான் விடமாட்டேன்.

என் பெயர் தாண்டவராயன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், ஊருக்கே தெரியும். செல்லியம்மாள் எனக்கு நேர்மாறு. பேச்சு குறைவு. சாமை விதைப்பாள், களை எடுப்பாள், புளி உலுக்கும் காலத்தில் ஆண்களோடு சரிக்குச் சரி மூட்டை தூக்குவாள். கல்யாணத்துக்கு முன்பு குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்வந்தவள். அங்கே பழகிய தலைச்சுமை நடை இன்னும் மாறவில்லை. தலையில் மூட்டை இருந்தால் ஒரு கை தானாக மேலே போய் அதைப் பிடித்துக்கொள்ளும், மறுகை வீசி நடக்கும். மூட்டை இல்லாதபோதுகூட மேடு ஏறினால் அந்தக் கை மேலே போகும். நான் கிண்டல் செய்வேன். கடைசியில் அந்தக் கைதான் எங்களை வம்பில் மாட்டிவிட்டது.

இன்னொரு குணமும் உண்டு. எங்கள் ஆடு பக்கத்துக் கொல்லையில் வாய் வைத்துவிட்டால், கொல்லைக்காரன் பார்ப்பதற்கு முன்பே இவளே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். யாரும் பார்க்காததை எதற்காக வலியப் போய்ச் சொல்கிறாய் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆடு பாத்துச்சில்ல, நான் பாத்தேனில்ல" என்பாள். இதோடு எப்படி வாதாடுவது?

சில வருஷங்களுக்கு முன்பு கண்ணமங்கலத்துப் பெண் ரேணுகாதேவி ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு எங்கள் மலைக்கு வந்தாள். பெங்களூரில் வேலை பார்ப்பவள். கூட வந்தவர்கள் வேலூர், ஆரணி, பெங்களூர் என்று பல ஊர்க்காரர்கள். எல்லாரும் வளர்ந்த ஆட்கள், சம்பாதிக்கிற ஆட்கள். என் ஜீப்பில் ஏற்றிவந்து என் பங்காளி வீட்டுப் புளியந்தோப்பில் இறக்கினேன். இறங்கியதும் பேண்ட் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டி, சாக்குத்துணி, தலைப்பாகை என்று கட்டிக்கொண்டார்கள். கையில் ஸ்பாஞ்சு சுற்றிய கத்தி, கேடயம். ஆளுக்கொரு புதுப்பெயர். பொழுது சாயும்வரை அந்தப் பெயரிலேயே பேசினார்கள், சண்டை போட்டார்கள், அழுதார்கள், செத்தார்கள்.

இதன் பெயர் லார்ப் என்றாள் ரேணுகாதேவி. தெருக்கூத்தா என்று கேட்டேன். கூத்துக்குப் பார்க்க ஆள் வேண்டும், பாட்டு வேண்டும், கதை முன்பே தெரியும். இதில் பார்க்க ஆளே கிடையாது, வந்தவர்கள் எல்லாரும் ஆடுகிறவர்கள்தான், வசனத்தை யாரும் எழுதித் தரமாட்டார்கள், முடிவு ஆடுகிறவர்களுக்கே தெரியாது என்றாள். படித்தவர்களுக்குக் கழன்றுவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். செல்லியம்மாள் அப்படி முடிவு கட்டவில்லை. அவர்களுக்குச் சாமைச்சோறு ஆக்கிக்கொண்டே, கரண்டியைப் பிடித்த கை பிடித்தபடி நிற்க, வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு அடிப்பிடித்தது. அவள் ஆக்கிய சோறு அடிப்பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர்கள் கிளம்பும்போது, அடுத்த தடவை தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டாள். நான் பேய்முழி முழித்தேன். ரேணுகாதேவிக்குச் சந்தோஷம். கிராமத்து ஆள் மாதிரி ஓரமாக நில்லுங்கள் அக்கா, ஆட்டத்துக்கு நன்றாக இருக்கும், கூலியும் கொடுத்துவிடுகிறோம் என்றாள். செல்லியம்மாள் தலையாட்டவில்லை.

"கூலிக்கு வேணாங்க. ஓரமா நிக்கவும் வேணாம். ஆட்டத்துல சேத்துக்குங்க" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் கோகுல்ராஜ் என்றொரு வேலூர்ப் பையன் இருந்தான். பையன் என்றால் சின்னவன் இல்லை, முப்பதை நெருங்குகிறவன். பல வருஷமாக ஆடுகிறவன், விதிமுறை எல்லாம் நாக்கு நுனியில். அவன் மறுத்துப் பேசினான். இந்த இடத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேடுபள்ளம் தெரியும், அது நியாயமில்லை. ஆட்டத்தின் ஒழுங்கும் அவர்களுக்குத் தெரியாது என்றான். ரேணுகாதேவி ஒரு வழி சொன்னாள். அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: புதிதாக வருகிறவர்கள் ஓர் ஆட்டம் ஆட வேண்டும், முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, இவரைச் சேர்க்கலாமா என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் சேர்க்கமாட்டார்கள். செல்லியம்மாள் சரி என்றாள். அன்றிலிருந்து அந்த வட்டம்தான் அவளுக்கு நினைப்பு.

ரேணுகாதேவி போனிலேயே பாடம் எடுத்தாள். புதுசாக ஆடுகிறவர்கள் ராஜா ராணி வேஷம் கேட்கக் கூடாது, சின்ன வேஷம் எடுக்க வேண்டும். உடுப்பு வாங்க வேண்டாம், இருப்பதை வைத்துக் கட்டினால் போதும். வேஷம் யார், அவளுக்கு என்ன வேண்டும், எதைக் கண்டால் பயம், இந்த மூன்றும் தெரிந்தால் பேச்சு தானாக வரும். செல்லியம்மாள் மூட்டைக்காரி வேஷம் எடுத்தாள். உடுப்பு, அவளுடைய பழைய புடவையும் என் கிழிந்த லுங்கியில் சுருட்டிய சும்மாடும். பெயர் என்ன வைத்தாய் என்று கேட்டேன். பெரியம்மாள் என்றாள். அது எங்கம்மாவின் பெயர். எங்கம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. இருந்தவரைக்கும் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். "எனக்குத் தெரிஞ்ச கோவக்காரி உங்கம்மா ஒருத்திதான், வேற யாரைப் பாத்து ஆடுறது?" என்றாள். எனக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

சாவதற்கும் பழக வேண்டியிருந்தது. தடாலென்று விழுந்தால் அடிபடும், முட்டி மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, தலையைக் கையில் தாங்கி விழ வேண்டும். ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன், களத்தில் வைக்கோல் பரப்பி அதன்மேல் இவள் விழுவதும் எழுவதுமாக இருக்கிறாள்.

"இன்னாமே பண்ற?"

"சாவுறேன். சோறு உள்ள இருக்குது, போட்டுத் துன்னு."

சித்திரை பிறந்ததும் அவர்கள் மறுபடி வந்தார்கள். கதை இதுதான்: ஒரே மலையில் மேல்குடி, கீழ்குடி என்று இரண்டு கூட்டம். பக்கத்துக்கு ஒரு விதைப்பை வைத்திருப்பார்கள். சாயங்காலம் கொம்பு ஊதும்போது இரண்டு பையும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் ஜெயித்தவர்கள். நடுவில் அந்த ஓடை எல்லை. கோகுல்ராஜ் மேல்குடித் தலைவன். செல்லியம்மாள் கீழ்குடி.

விதிகளை ரேணுகாதேவி எல்லாருக்கும் முன்னால் உரக்கச் சொன்னாள். கத்தியோ வேலோ மேலே பட்டால் சாவு. பட்டதா இல்லையா என்பதை அடித்தவன் சொல்லக் கூடாது, பட்டவன்தான் சொல்ல வேண்டும். செத்தவர்கள் கொம்பு ஊதும்வரை விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும், பேசக் கூடாது. யாராவது தலையில் கை வைத்திருந்தால் அவர்கள் ஆட்டத்தில் இல்லை என்று அர்த்தம். கண்ணில் பட்டாலும் படாத மாதிரி இருந்துவிட வேண்டும். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்னுடையது. அதனால் நான் பொழுதுக்கும் ஒரு கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, குடி முழுகிப்போனவன் மாதிரித் தோப்பெல்லாம் திரிந்தேன்.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லையே.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செல்லியம்மாள் புளியம்பழ ஓடு திணித்த சாக்கைத் தலையில் ஏற்றினாள். கை தானாக மேலே போய்ப் பிடித்துக்கொண்டது. ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறி, நேராக மேல்குடி ஆட்களுக்கு நடுவில் போனாள். ஒருவனும் தடுக்கவில்லை. என்னைப் போலச் சாமான் கொண்டுவருகிற ஆள் என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒரு பெண் நடைபாதையில் கிடந்த கேடயத்தைக்கூட ஓரமாக நகர்த்தி வைத்தாள். செல்லியம்மாளோ, மூட்டைக்காரியை யார் சட்டை செய்வார்கள், நம் வேஷம் அவ்வளவு பொருத்தம் என்று நினைத்துக்கொண்டாள். மரக்கிளையில் தொங்கிய விதைப்பையை எடுத்துச் சாக்கில் போட்டாள், வந்த வழியே இறங்கி வந்துவிட்டாள். கீழ்குடி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கோகுல்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கி வந்தான். முகம் சிவந்திருந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு, "தலைல கை வெச்சிக்கினு உள்ள வந்து எடுத்துட்டுப் போறது ஆட்டம் இல்லீங்க. திருட்டு" என்றான்.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு யாரும் நிமிர்ந்து நடந்ததில்லை. என் காதில் புகை வந்தது. தலையிலிருந்த கையை எடுத்துவிட்டு அவன் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தேன். யாரோ குறுக்கே புகுந்து, கையை எடுத்துவிட்டீர்கள், நீங்கள் இப்போது ஆட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்றார்கள். ஆட்டமாவது மண்ணாவது என்றேன். அதற்குள் செல்லியம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"நீ கம்முனு இரு. ஆடுறது நானு. சொன்னது என்னை."

அவள் முகத்தைப் பார்த்தேன். தன் வலதுகையையே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ரேணுகாதேவி வந்து கேட்டுவிட்டு, இது வேண்டுமென்று செய்ததில்லை, சுமை தூக்கிப் பழகிய கை, முதல் ஆட்டம், பரவாயில்லை, பை கீழ்குடியிடமே இருக்கட்டும், இனிமேல் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு சொன்னாள். கீழ்குடி ஆட்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தலைவியே சொல்லியாகிவிட்டது, அப்புறம் என்ன?

செல்லியம்மாள் யார் பேச்சையும் கேட்கவில்லை. சாக்கிலிருந்து விதைப்பையை எடுத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மேடு ஏறிப்போய், எடுத்த கிளையிலேயே, எடுத்த மாதிரியே தொங்கவிட்டாள். பிறகு கோகுல்ராஜ் பக்கம் திரும்பினாள்.

"தெரியாம எடுத்தேன், வெச்சிட்டேன். இப்போ தெரிஞ்சே எடுக்க வர்றேன். பாத்துக்குங்க."

ஊர்த் தகராறில்கூட இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. என் நெஞ்சு விம்மியது. கையைத் தலையில் வைத்துக்கொண்டு என் தண்ணீர்க் குடத்துக்குத் திரும்பிப் போனேன்.

வெயில் தணிந்ததும் அவள் மறுபடி கிளம்பினாள். தலையில் அதே சாக்கு. ஆனால் இந்தத் தடவை ஒரு கையில் ஸ்பாஞ்சு அரிவாள், மறுகையில் தண்ணீர்ச் சுரைக்குடுக்கை. இரண்டு கைக்கும் வேலை கொடுத்துவிட்டாள். சாக்கு தலையில் தானாக நின்றது. மேல்குடி வாசலில் அதைத் தொப்பென்று போட்டாள், இடுப்பில் கையை ஊன்றினாள், வாயைத் திறந்தாள் பாருங்கள். எங்கம்மா. அப்படியே எங்கம்மா. ஓடைத் தண்ணீரை மறித்தவர்கள் யார், மூட்டைக்காரி என்றால் அவ்வளவு இளக்காரமா, உங்களைப் பெற்றவர்களும் இப்படித்தானா என்று ஆரம்பித்து, அவர்கள் கட்டியிருந்த தலைப்பாகைவரை வைது தீர்த்தாள். ஒருநிமிஷம் நானே "வர்றேம்மா" என்று குரல் கொடுக்கப் பார்த்தேன்.

காவலுக்கு நின்றவர்கள் பதில் பேசித்தானே ஆகவேண்டும், அதுதானே ஆட்டம். ஒருவன் பேசினான், அவனுக்கு விழுந்தது. அவனுக்குப் பரிந்துகொண்டு இன்னொருத்தி வந்தாள், அவளுக்கும் விழுந்தது. தெருச்சண்டைக்குக் கூட்டம் சேருகிற மாதிரி மேல்குடி முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அதற்குள் பின்பக்கப் பாறை வழியாகக் கீழ்குடி ஆட்கள் ஏறி வந்து பாய்ந்தார்கள். கத்தியும் கேடயமும் மோதின. அந்தக் களேபரத்தில், எல்லாரும் பார்க்க, கையைத் தலைக்குக் கொண்டுபோகாமல், செல்லியம்மாள் விதைப்பையைப் பறித்துக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்து பொட்டுப் பொட்டென்று கோடை மழை தொடங்கியது. பின்னால் துரத்தியவன் கோகுல்ராஜ் ஒருவன்தான். எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் கையிலிருந்த ஸ்பாஞ்சு வேலை எறிந்தான். நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். அது அவளுக்குப் பக்கத்தில் புல்லில் போய் விழுந்தது. படவில்லை. கோகுல்ராஜே கையை உதறிக்கொண்டு நின்றுவிட்டான். ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ்குடி ஆட்கள் வா வா என்று கத்தினார்கள். எட்டி ஒரு காலை வைத்தால் எல்லை.

அவள் நின்றாள்.

"பட்டுச்சு" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. முழங்காலுக்குப் பின்னால் புடவைக் கொசுவத்தைத் தொட்டுக் காட்டினாள். கோகுல்ராஜ் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"இல்லீங்க, படல. நான் பாத்தேன். எறிஞ்சது நான்தான். நீங்க போங்க."

"பட்டது எனக்கு. எனக்குத்தான தெரியும்."

அவ்வளவுதான். முட்டியை மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, தலையைக் கையில் தாங்கி, களத்தில் பழகியபடியே அழகாக விழுந்தாள். கையிலிருந்த பை உருண்டது. எல்லையைத் தாண்டவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். எழுந்திருமே, நனைகிறாய், சளி பிடிக்கும் என்று கெஞ்சினேன். கண்ணைத் திறக்கவில்லை. தோளைத் தட்டினேன். உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"செத்தவகிட்ட இன்னா பேச்சு. தள்ளிப் போய்யா."

தள்ளிப் போனேன். வேறு என்ன செய்ய? கோகுல்ராஜ் விதைப்பையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்க வேண்டும்; அதுதான் அவன் ஆட்டம். அவன் ஓடவில்லை. பையைப் பிற்பாடு இறங்கி வந்த மேல்குடிப் பெண் ஒருத்தியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, தலைவன் தலைப்பாகையை அவிழ்த்தான். தன் கேடயத்தை அவள் முகத்தின் மேல் மழை படாமல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். கொம்பு ஊதும்வரை அவனும் நனைந்தான். அவனைக் காலையில் அடிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கிடந்தபோதே மேல்குடி ஆட்கள் ஓடையைத் தாண்டிக் கீழ்குடிப் பையையும் பறித்துவிட்டார்கள்; மேல்குடிதான் ஜெயித்தது. மழை விட்டதும் தோப்பில் வட்டமாக உட்கார்ந்தார்கள். செல்லியம்மாள் ஈரப் புடவையோடு மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. காலையில் சொன்ன வார்த்தை அவளுக்குள் இன்னும் இருந்தது, எனக்குத் தெரியும். இவரைச் சேர்க்கலாமா என்று ரேணுகாதேவி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். சேர்க்கலாம், சேர்க்கலாம் என்றார்கள். கடைசியில் கோகுல்ராஜ். அவன் எழுந்து நின்றான்.

"காலைல சொன்ன வார்த்தைய எடுத்துக்கிறேன்க்கா. இத்தினி வருஷம் ஆடுறேன், பட்டும் படாத மாதிரி எத்தினியோ தபா ஓடியிருக்கேன். உங்களைச் சேத்துக்கலாமான்னு நான் சொல்லமாட்டேன். அடுத்த ஆட்டத்துல நீங்க இருக்குற பக்கம் என்னைச் சேத்துப்பீங்களான்னு சொல்லுங்க."

செல்லியம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"வாப்பா. ஆனா பட்டா படுத்துடணும்" என்றாள்.

வட்டம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன், கண்ணில் தண்ணீர். மழைத் தண்ணீர் என்று அவளிடம் சொன்னேன், நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் எத்தனையோ வேஷம் கட்டிவிட்டாள். வைத்தியச்சி, காவல்காரி, ஒருதடவை ஊர்த் தலைவிகூட. மலையேறி வருகிற புது ஆட்களுக்கு விழக் கற்றுக்கொடுப்பதும் அவள்தான். எங்கம்மா ஊரையே வைது கொண்டிருந்தவள். இப்போது பெங்களூர்க்காரர்கள் பெரியம்மாள் என்று அவள் பேரைச் சொல்லிக் கைதட்டுகிறார்கள்.

ஜீப்பில் கதை இங்கே வந்து நிற்கும்போது, ஏறியவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், அப்படியென்றால் உங்கள் வீட்டம்மா ஜெயிக்கவில்லையா என்று.

"தோத்தாங்க. யாருமே பாக்காதத அவளா சொல்லித் தோத்தா" என்பேன். இதை நான் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன். செல்லியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி ஓடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கியரை மாற்றி மேட்டில் வண்டியை ஏற்றுவேன்.